பெண்கள் தாண்டக் கூடாதா?

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கலாம். நாட்டில் எத்தனையோ தொல்லைகள் இருக்க, பெண்கள் மணல் குழியில் தாண்டுவதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும் என்று சொல்லுகிறோம். பெண்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைச் சாஸ்திரப் புத்தகங்களைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தெருவில் குதித்தால் அந்தத் தெரு என்ன சொல்லுகிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும். நாம் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கேளுங்கள், வீட்டுக்குப் போய் யோசியுங்கள், சரியென்று பட்டால் நடத்துங்கள், தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

மும்முறைத் தாண்டல் என்று ஒரு பந்தயம் உண்டு. இங்கிலீஷில் டிரிபிள் ஜம்ப் என்பார்கள். வேகமாக ஓடிவந்து, தரையில் பதித்திருக்கும் ஒரு பலகையில் ஒரு காலை ஊன்றி எழும்ப வேண்டும். எழும்பிய அதே காலில் இறங்க வேண்டும். இது முதல் தாண்டு. வேகம் குறையாமல், மறுகால் தரையில் விழும்படி ஓர் எட்டுத் தாவ வேண்டும், இது இரண்டாவது. அந்தக் காலால் எழும்பிப் போய் மணல் குழியில் விழ வேண்டும், இது மூன்றாவது. பலகையைத் தாண்டிக் கால் பட்டுவிட்டால் அந்தத் தாண்டல் செல்லாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடம்பின் எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் விழும். கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் உறுதியாக இருந்தாலொழிய அடுத்த எட்டு எழும்பாது.

இது ஏதோ வெள்ளைக்காரர் வித்தை, நம் பெண்களுக்கு வராது என்று நினைக்கிறீர்களா? உங்கள் தெருப் புழுதியில் கரிக்கட்டியால் கோடு போட்டு, சில்லை எறிந்து, சிறுமிகள் பாண்டி ஆடுகிறார்களே, அது என்ன? ஒற்றைக்காலில் நொண்டி, எழும்பிய காலிலேயே இறங்கி, கோட்டை மிதிக்காமல் தாண்டி, இடையில் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளுகிறாள். கோட்டில் கால் பட்டால் 'அவுட்டு' என்று மற்ற பிள்ளைகள் கூவுகின்றன. மும்முறைத் தாண்டலின் முதற்பாடத்தை நம் பெண் குழந்தைகள் ஐந்து வயதிலேயே உபாத்தியாயர் இல்லாமல் தாமே கற்றுக்கொள்ளுகிறார்கள். ஏழெட்டு வருஷம் தினந்தோறும் பழகுகிறார்கள். பிறகு ஒருநாள் அந்தப் பெண் பெரியவளாகிறாள். அன்றோடு பாண்டி நின்றது, தெரு நின்றது, ஓட்டம் நின்றது, சில இடங்களில் பள்ளிக்கூடமும் நின்றது. குச்சு கட்டி மூலையில் உட்கார வைத்து, சீர் செய்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். என்ன அறிவிக்கிறோம்? இவள் இனிமேல் குதிக்கக் கூடாது என்பதைத்தானே அறிவிக்கிறோம்! அவள் கால் ஒடிந்துவிட்டதா? நேற்றுவரை நன்றாகத் தாண்டிய கால்தானே! காலில் வந்த கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு நம் புத்தியில் இருக்கிறது.

மூன்றடி என்றவுடன் உங்களில் சிலருக்கு வாமனன் கதை நினைவுக்கு வரலாம். ஓரடியால் பூமியையும், ஓரடியால் வானத்தையும் அளந்து, மூன்றாவது அடிக்கு இடமில்லாமல் ஒரு மனிதன் தலையில் வைத்தான் என்பதாகச் சொல்லுகிறார்கள். அந்தத் தாண்டலை யார் அளந்தார்கள்? எந்தக் கயிற்றைக்கொண்டு அளந்தார்கள்? பலகையை மிதித்தானா, தாண்டி மிதித்தானா என்று பார்த்த நடுவர் யார்? கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். நாம் இன்று பேசப்போகிற தாண்டல்களோ ஒவ்வொன்றும் நாடாப் பிடித்துச் செண்டிமீட்டர் கணக்கில் அளந்து எழுதி வைத்தவை. யாருடைய தலையிலும் கால் வைக்காமல் தாண்டியவை. ஆகையால் கதையை விட்டுக் கணக்குக்கு வருவோம்.

1896 இல் கிரீஸ் தேசத்து ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் புதிதாகத் தொடங்கிற்று. அதில் முதன்முதல் முடிவு கண்டு ஒருவர் வெற்றி பெற்றது இந்த மும்முறைத் தாண்டலில்தான். வென்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் கானலி. அவர் தாண்டிய தூரம் 13.71 மீட்டர், அதாவது ஏறக்குறைய 45 அடி. அந்த வருஷம் பெண் ஒருத்தியைக்கூடப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. அந்தப் பந்தயத்தை உண்டாக்கிய கூபர்தான் என்ற பிரெஞ்சுப் பிரபுவோ, பெண்களுடைய பங்கு வென்ற ஆண்களுக்கு முடி சூட்டுவதே என்ற அபிப்பிராயமுள்ளவர். சரி, அது பழங்காலம் என்று விட்டுவிடலாம். பெண்களுக்கு மும்முறைத் தாண்டலை ஒலிம்பிக்கில் எப்போது அனுமதித்தார்கள்? 1996 இல்! கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக நூறு வருஷம். பெண்ணுக்கு நீளத் தாண்டல் 1948 இல் வந்தது. மராத்தான் என்ற நெடுந்தூர ஓட்டம் 1984 இல் வந்தது. கழி ஊன்றித் தாண்டுவது 2000 இல் வந்தது. மும்முறைத் தாண்டலில் பெண்களுக்கு உலக சாதனைக் கணக்கு எழுதத் தொடங்கியதே 1990 இல்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? பெண்கள் தாண்டிப் பார்த்துத் தோற்றார்களா? இல்லை. தாண்டவே விடவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதைத் தாய்மார்கள் நன்றாகக் கேட்க வேண்டும். குதித்தால் கருப்பை இடம் பெயர்ந்துவிடும், பிள்ளை பிறக்காது, பெண்மை கெட்டுவிடும் என்பதாகப் படித்த வைத்தியர்களே சொல்லிவந்தார்கள். நம் நாட்டு வைதிகன் சாஸ்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தினான். மேல்நாட்டு வைதிகன் வைத்தியத்தைக் காட்டிப் பயமுறுத்தினான். உடை வேறு, சரக்கு ஒன்று.

இந்தப் பயமுறுத்தல் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1928 இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே முதலாவதாக வந்தார். ஓடி முடித்தவர்கள் களைத்துப் படுத்தார்கள். ஓடி முடித்த ஆண்களும் அப்படித்தான் படுப்பார்கள். ஆனால் பத்திரிகைகள் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று வேண்டியமட்டும் ஊதிப் பெருக்கி எழுதின. அவ்வளவுதான், அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டு 1960 வரை திரும்பி வரவில்லை. ஆண் களைத்தால் வீரம். பெண் களைத்தால் பலவீனம். இதுவல்லவா நியாயம்!

இதெல்லாம் பாட்டன் காலத்துக் கதை என்று எண்ணாதீர்கள். பனிமலையில் சறுக்கிவந்து தாவுகிற ஒரு பந்தயம் ஆண்களுக்கு 1924 முதல் இருக்கிறது. பெண்களுக்கு 2014 இல்தான் கிடைத்தது. அந்தச் சறுக்கு விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் 2005 இல்கூட, வைத்தியக் கண்கொண்டு பார்த்தால் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்ற பொருள்படப் பேசினார். ஆகாய விமானத்தில் பறந்துபோய்க் கூட்டம் நடத்திய மனிதர், பெண்ணின் உடம்பைப் பற்றி மட்டும் பாட்டி காலத்துப் பேச்சுப் பேசினார்.

தோழர்களே! இந்தக் கருப்பைக் கவலையை நம் ஊரில் கொஞ்சம் வைத்துப் பார்ப்போம். வைகைப் பாசனத்தில் நாற்று நடுகிறவர்கள் யார்? காலையிலிருந்து பொழுது சாயும்வரை இடுப்பை ஒடித்துக் குனிந்து சேற்றில் பின்னாலேயே நடந்து போகிறவர்கள் யார்? பெண்கள். செங்கல் காளவாசலில் தலையில் பாரம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் யார்? பெண்கள். தண்ணீர் வராத ஊர்களில் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாய்த் தூரம் நடக்கிறவர்கள் யார்? பெண்கள். நிறைமாதக் கர்ப்பிணி சும்மாடு கூட்டிக் கல் சுமந்தாளே, அப்போது எந்த வைதிகனாவது, எந்த வைத்தியனாவது, 'அம்மா, கருப்பை இடம் பெயர்ந்துவிடும், பாரத்தை இறக்கு' என்று சொன்னானா? கூலி வேலையில் பெயராத கருப்பை விளையாட்டில் மட்டும் எப்படிப் பெயரும்? பிறருக்காகப் பாரம் சுமந்தால் ஒன்றும் ஆகாதாம். தன் சந்தோஷத்துக்காக ஒரு முறை குதித்தால் உடம்பு கெட்டுவிடுமாம். இதிலிருந்தே தெரியவில்லையா, கவலை கருப்பையைப் பற்றியதே அல்லவென்று? அவள் தனக்கென்று ஒரு காரியம் செய்துவிடுவாளோ என்பதுதான் கவலை.

நிற்க. தடை நீங்கினபிறகு என்ன நடந்தது? 1996 இல் அட்லாண்டாவில் உக்ரைன் தேசத்து இனெஸ்ஸா கிராவெட்ஸ் 15.33 மீட்டர் தாண்டி முதற் பரிசு பெற்றார். 2021 இல் டோக்கியோவில் வெனிசுவேலா தேசத்து யூலிமார் ரோஹாஸ் 15.67 மீட்டர், அதாவது 51 அடிக்கு மேல் தாண்டினார். இவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்; ஒழுங்கான வீடில்லாத குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய நாட்டில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதற்பெண் அவரே. மறு வருஷம் பெல்கிரேடில் கூரையிட்ட அரங்கில் 15.74 மீட்டர் தாண்டினார். 2024 இல் பாரிஸில் டொமினிக்கா என்ற சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த தியா லாஃபாண்ட் 15.02 மீட்டர் தாண்டி வென்றார். அந்தத் தீவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதற் பதக்கமே அதுதான். அந்தத் தேசத்து ஜனங்களையெல்லாம் ஒன்றுசேர்த்தாலும் நம் மதுரை நகரத்தின் ஒரு மூலைக்குக் காணாது.

1896 இல் உலகத்தின் முதல் வீரர் என்று முடி சூட்டப்பட்ட ஆண்பிள்ளை தாண்டியது 13.71. பெண்ணால் முடியாது என்று நூறு வருஷம் ஒதுக்கி வைத்தார்களே, அந்தப் பெண் தாண்டியது 15.74. இரண்டு மீட்டருக்கு மேல் அதிகம். நாம் நியாயமாகவே பேச வேண்டும்: 1896 இல் இருந்த மைதானமும் பழக்கமும் இன்றுள்ளவை போன்றவையல்ல, அன்றைய ஆணையும் இன்றைய பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்துவது முற்றும் சரியாகாது, இன்றும் ஆண்கள் பெண்களைவிடத் தூரம் தாண்டுகிறார்கள். ஆனால் நாம் எடுத்துக்காட்ட விரும்புவது வேறு. பிறவி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாயிருந்தால் இந்த வித்தியாசம் உண்டாகியிருக்க முடியுமா? பழக்கமும் உணவும் வாத்தியாரும் மைதானமும் சேர்ந்தால் மனித உடம்பு மாறுகிறது. நூறு வருஷம் ஆண்களுக்கு மட்டும் அவற்றைக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பார்த்து 'நீ பிறவியிலேயே பலவீனம்' என்று சொன்னார்கள். பட்டினி போட்டுவிட்டு மெலிந்திருக்கிறாய் என்று ஏசுவது போலல்லவா இது!

'அதெல்லாம் பரதேசத்துப் பெண்கள், மாமிசம் தின்று வளர்ந்தவர்கள், நம் தேசத்துப் பெண்களுக்கு ஆகுமா?' என்று ஒரு கேள்வி வரும். மலைக்கு அந்தண்டைப் பக்கம் கேரளத்தில் கோழிக்கோடு ஜில்லாவில் கூராச்சுண்டு என்ற ஊரைச் சேர்ந்தவர் மயூகா ஜானி. 1988 இல் பிறந்தவர். நீளத் தாண்டல், மும்முறைத் தாண்டல் இரண்டையும் பழகினார். 2011 இல் மும்முறைத் தாண்டலில் 14 மீட்டரைக் கடந்தார். இந்தியப் பெண்களில் அந்தக் கோட்டைத் தாண்டிய முதற்பெண் அவர்தான். அதே வருஷம் ஜூலையில் ஜப்பானில் கோபே நகரத்தில் நடந்த ஆசியப் பந்தயத்தில் 14.11 மீட்டர், அதாவது 46 அடிக்கு மேல் தாண்டி மூன்றாம் பரிசு பெற்றார். அதே கூட்டத்தில் நீளத் தாண்டலில் முதற் பரிசும் பெற்றார். மறு வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டலில் கலந்துகொண்டார். இருபத்திரண்டு வயதில் அவர் தாண்டிய தூரம், ஒலிம்பிக்கின் முதல் வீரர் தாண்டியதைவிட 40 செண்டிமீட்டர் அதிகம். கூராச்சுண்டும் நம் பக்கத்து மலையடிவார ஊர்களைப் போன்ற ஊர்தான். அந்தப் பெண்ணும் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. பலகையிலிருந்து குதித்தவர்.

இனி நம் ஊருக்கே வருவோம். நம் ஜில்லாவில் ஓட்டத்துக்குப் பேர் வந்திருக்கிறது. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலம் இருக்கிறது. உங்களில் பலர் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். அந்த ஊரில் 1998 இல் பிறந்தவர் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தகப்பனாரும் தாயாரும் நோயில் இறந்துபோனார்கள். ரேவதியையும் அவர் தங்கையையும் வளர்த்தவர் தாயைப் பெற்ற பாட்டி. அந்த அம்மாள் பிறர் நிலத்திலும் செங்கல் காளவாசலிலும் கூலி வேலை செய்து இரண்டு பேரையும் காப்பாற்றினார். 'இந்தப் பெண்களையும் வேலைக்கு அனுப்பினாலென்ன?' என்று உறவு முறையார் கேட்டார்கள். அனுப்பமாட்டேன், படிக்கட்டும், ஓடட்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார். எழுத்து வாசனையுள்ளவர்கள், பட்டம் பெற்றவர்கள், மேடையேறிப் பெண் விடுதலை பேசுகிறவர்கள் எத்தனை பேர் தங்கள் வீட்டில் இப்படிச் சொல்லுகிறார்கள்? பகுத்தறிவு படிப்பினால்தான் வருமென்பதில்லை என்பதற்கு இந்த அம்மாளைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ரேவதி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கும்போது ஒரு பந்தயத்தில் காலில் ஒன்றுமில்லாமல் ஓடினார். அதைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்தார். இந்தப் பெண்ணிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டு, தயங்கிய பாட்டியாரிடம் பேசிச் சம்மதம் பெற்று, மதுரையில் பெண்களுக்கென்று 1948 இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியில் சேர உதவி செய்தார். ஓடுவதற்குரிய பூட்ஸ் பிறகுதான் காலுக்கு வந்தது. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் பாட்டியாலாவில் தேசிய முகாமில் சேர்ந்து 400 மீட்டருக்கு மாறினார். ரயில்வேயில் மதுரைக் கோட்டத்தில் உத்தியோகமும் கிடைத்தது. 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 விநாடியில் முதலாவதாக வந்து டோக்கியோவுக்குப் போகும் அணியில் இடம் பெற்றார். ஜூலை 30 ஆந் தேதி ஆண் இருவரும் பெண் இருவருமாக ஓடுகிற 4 பேர் தொடர் ஓட்டத்தில், அந்தச் சக்கிமங்கலத்துப் பெண் உலகத்தின் முன்னால் ஓடினார். கூட ஓடியவர்களில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சிப் பக்கத்தவர்கள். அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி, தன் பிரிவில் கடைசியாக வந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. புராணக்காரன் ஆனால் எட்டாவதை முதலாவதாக்கிப் பூமாரி பொழிந்ததாக எழுதுவான். நாம் எட்டாவது என்றே சொல்லுகிறோம். ஆனால் எங்கிருந்து புறப்பட்டு எட்டாவதாக வந்தார் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று சொல்லுகிறோம். காளவாசலுக்கும் டோக்கியோவுக்கும் உள்ள தூரத்தை எந்த நாடாவால் அளப்பீர்கள்?

'அது அந்தப் பெண்ணின் தலையெழுத்து, ஆண்டவன் அருள்' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அப்படியானால் தாயும் தகப்பனும் செத்தது யாருடைய அருள் என்று கேட்கிறோம். நல்லதற்கு ஆண்டவன், கெட்டதற்குத் தலையெழுத்து என்று கணக்கைப் பங்கு பிரிக்காதீர்கள். நடந்தது இன்னதென்று கண்ணுக்குத் தெரிகிறது: பாட்டியின் பிடிவாதம் ஒன்று, பள்ளிக்கூடமும் விடுதியும் ஒன்று, பார்க்கத் தெரிந்த பயிற்சியாளர் ஒன்று, பெண்கள் கல்லூரி ஒன்று, காலுக்குப் பூட்ஸ் ஒன்று, சம்பளமுள்ள வேலை ஒன்று. இத்தனையும் மனிதர்கள் செய்தவை. இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? இவை ஒன்றுமே கிடைக்காமல் அதே காளவாசலில், அதே வயலில் கிடக்கிற பெண்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கும் தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்டவர்கள் நாம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். காளவாசல் கூலிகளின் மகள்; தாழ்த்தப்பட்டவர் என்று சொல்லப்படுகிற வகுப்பில் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசியப் பந்தயத்தில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். உடனே பெண்தானா என்று சோதனை போட்டு, பதக்கத்தைப் பிடுங்கி, அவர் உடம்பைப் பற்றி உலகமெல்லாம் பேச விட்டார்கள். அவர் களவு செய்தாரா? மருந்து தின்றாரா? பிறந்த உடம்போடு ஓடினார். அது குற்றமாயிற்று. முதலில் பெண் ஓடக்கூடாது என்றார்கள். ஓடினபிறகு வேகமாக ஓடுகிறவள் பெண்தானா என்கிறார்கள். ஊர்க் கட்டுப்பாடு கோட்டு மாட்டிக்கொண்டு ஆராய்ச்சிச் சாலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. விஞ்ஞானத்தின் பேரால் யாராவது பேசினால் அதையும் கேள்வி கேட்டே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லுகிறோம். அந்தச் சாந்தி பின்னால் சர்க்கார் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் மனதிலிருக்கிற ஆட்சேபங்களுக்கு வருகிறோம். 'குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் குதிப்பதா? மானம் போகாதா?' என்கிறீர்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு அலங்காநல்லூரில் மாட்டின் திமிலைப் பிடிக்கிறானே உங்கள் மகன், அவன் மானம் போயிற்றா? வயலில் சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி நாற்று நடுகிறாளே உங்கள் மனைவி, அப்போது போகாத மானம் மைதானத்தில் போகுமா? வேலைக்குத் தகுந்த உடை வேண்டும். பார்க்கிறவன் கண் கெட்டிருந்தால் கண்ணுக்கு மருந்து போட வேண்டுமே தவிர, பெண்ணின் காலைக் கட்டக் கூடாது.

'மாதந்தோறும் விலக்காகிற உடம்பாயிற்றே' என்கிறீர்கள். அது பசியையும் தூக்கத்தையும் போல உடம்பின் ஒரு காரியம். வலியிருந்தால் ஓய்வெடுக்கட்டும், வலியில்லாவிட்டால் ஓடட்டும். அதை அவளுடைய உடம்பு சொல்லட்டும். பஞ்சாங்கம் சொல்ல வேண்டாம். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்கில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை என்று கண்டிருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் தேடித் தேடி வைக்கிறோம். மகனுக்கு முட்டை வைக்கிறோம். எல்லோரும் தின்று மிஞ்சினதைப் பெண் தின்கிறாள். அவள் கருப்பைக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் அவள் தட்டில் ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் அதிகமாக வைக்கக் கூடாதா?

'இப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வான்?' என்கிறீர்கள். குதித்த காரணத்துக்காகக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிற மாப்பிள்ளை, நாளைக்கு அவள் வாய் திறந்து பேசினாலும் வேண்டாமென்பான், படித்தாலும் வேண்டாமென்பான். அப்பேர்ப்பட்டவன் முன்கூட்டியே விலகிப்போவது உங்களுக்கு லாபந்தானே! கல்யாணம் ஒன்றுக்காகவே பெண் பிறக்கிறாள் என்ற எண்ணத்தை முதலில் விட்டொழியுங்கள்.

'நூறு பேர் தாண்டினால் ஒருத்திதானே பரிசு வாங்குவாள், மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு என்ன லாபம்?' என்பது கொஞ்சம் யோசனையுள்ள கேள்வி. நாம் இன்று பேசுவது முக்கியமாக அந்தத் தொண்ணூற்றொன்பது பேருக்காகத்தான். தாண்டப் பழகுகிற பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவது கடினம். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் இருக்கிறது. அவள் தனியாகப் பஸ் ஏறி வெளியூர் போய் வருகிறாள். தன் பெயரைப் பிறர் கூப்பிட எழுந்து நின்று முன்னே போகிறாள். தோற்கிறாள், தோற்றும் மறுநாள் வருகிறாள். தன் உடம்பு தன்னுடையது என்று தெரிந்துகொள்ளுகிறாள். இதற்குமேல் என்ன லாபம் வேண்டும்?

மதுரையில் நின்று பேசுகிறோம். ஆகையால் மீனாட்சி கதையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நாம் அந்தக் கதையை நம்புகிறவர்களல்ல. நம்புகிற உங்களைத்தான் கேட்கிறோம். தடாதகை என்ற அந்தப் பெண் ஆண்பிள்ளை உடையில் வில் பழகி, குதிரையேறி, எட்டுத் திக்கும் போய் ஜெயித்தாள் என்கிறீர்கள். கடைசியில் மாப்பிள்ளையைக் கண்டவுடன் வெட்கப்பட்டு, வில்லைப் போட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றாள் என்கிறீர்கள். சித்திரை மாதத்தில் இலட்சக்கணக்கில் கூடிப் பார்ப்பது எதை? அவள் கல்யாணத்தை. திக்கெல்லாம் ஜெயித்த கதையைவிட வில்லைக் கீழே போட்ட கதைதானே உங்களுக்குப் பிடித்திருக்கிறது! உங்கள் வீட்டுப் பெண் மட்டும் திக்குவிஜயத்தை விட்டுவிட்டு நேரே தலை குனிவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறீர்கள். கல்லால் செய்த பெண்ணுக்குத் தேர் இழுக்கிறீர்கள். இரத்தமும் சதையுமான பெண் தெருமுனை வரை ஓடினால் கூப்பிட்டு அடிக்கிறீர்கள். இது நியாயமா?

கடைசியாக, செய்ய வேண்டியது என்ன என்று சொல்லி முடிக்கிறோம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மணல் குழி வேண்டும். அதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. நாலு பேர் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தால் குழி ஆயிற்று. கல்லும் முள்ளும் இல்லாமல் சலித்த மணல் வேண்டும். ஓடிவர நாற்பது மீட்டர் சமதரை வேண்டும். ஒரு பலகை வேண்டும். திருவிழாவுக்கு வரி போடுகிற ஊர் இதற்கு ஒரு தடவை வரி போடட்டும். விளையாட்டு வாத்தியார் பையன்களை மட்டும் மைதானத்துக்கு அழைத்துப்போனால், பெண்கள் எங்கே என்று தகப்பன்மார் போய்க் கேட்க வேண்டும். விளையாட்டு வகுப்பைப் பிடுங்கிக் கணக்குப் பாடம் நடத்தினால் அதையும் கேட்க வேண்டும். வீட்டில் பெண் பெரியவளானால் பந்தல் போடுகிற பணத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். மறுவாரமே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது பாவாடையில் மணல் ஒட்டியிருந்தால் ஏனென்று அதட்டாதீர்கள். எவ்வளவு தூரம் தாண்டினாய் என்று கேளுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு காலத்தில் பாண்டி ஆடியவர்கள்தான். எந்த வயதில், யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதே வார்த்தையை உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லாதிருந்தால் அதுவே போதும்.